மண்டபத்து அடுப்படியில் என் முகம்

அசாம் ஜாவா,
ஞாயிறு, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்.

கலும்பாங்கில் குடும்பத்தோடு சிறப்பாக வாழும் மச்சான் குமரவேல் அவர்களுக்கு, உங்கள் தங்கை கங்காவை இத்தனை வருஷமாகக் கட்டிக் காப்பாற்றி வரும் செல்லன் வணக்கம் சொல்லி எழுதுவது. இங்கே நான், கங்கா, நித்தியா, பூனை எல்லாரும் சுகம். உங்கள் முழங்கால் வலியும் அக்காவின் சர்க்கரையும் அளவோடு இருக்க முருகனைக் கும்பிட்டுக்கொள்கிறேன். வாட்ஸாப்பில் பேசியே அனுப்பலாம். ஆனால் நான் பேசி அனுப்புவதைக் கங்கா தன் கூட்டத்துக்கெல்லாம் போட்டுக் காட்டிச் சிரிக்கிறாள். அதனால்தான் தாளும் பேனாவும் எடுத்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நித்தியாவின் கல்யாணத்தில் அப்பா இடத்தில் நின்று தாரை வார்த்துக் கொடுக்கச் சொல்லி உங்களைக் கேட்பார்கள். தாய்மாமன்தானே என்று நீங்களும் பல்லைக் காட்டிக்கொண்டு தலையாட்டக்கூடாது. ஒத்துக்கொள்ளவே கூடாது, மச்சான்!

எல்லாம் இந்தச் சமூக மண்டபத்தால் வந்த வினை. போன வருஷம் எங்கள் ஊரில் அந்த டேவானைத் திறந்தார்களே, அதற்கு நான் ஒரு கடிகாரம் அன்பளிப்பாகக் கொடுத்தேன். சும்மா கடிகாரம் இல்லை. கிள்ளானில் சொல்லிச் செய்தது, லோரி டயர் அளவு. நடுவில் கோட்டுப் போட்ட என் படம். கோட்டு படக்கடைக்காரனுடையது, மீசை என்னுடையது. மேடைக்கு நேர் மேலே மாட்டுவார்கள், பேச வருகிற பெரிய மனிதர்களெல்லாம் என் முகத்துக்குக் கீழே நின்றுதான் பேசியாக வேண்டும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். திறப்பு விழா அன்று போய்ப் பார்க்கிறேன், மேடையில் எவனோ கொடுத்த வெறும் கடிகாரம். டேவான் தலைவி உஷாராணி டீச்சரைக் கேட்டால், “அண்ணே, உங்களுது அடுப்படியில மாட்டியிருக்கோம். ரொம்ப உபயோகமா இருக்கும்” என்கிறார். அடுப்படியில், மச்சான்! கேஸ் சிலிண்டர் தோம்புக்கு மேலே! முப்பது வருஷம் செம்பனை லோரி ஓட்டி, ஒரு பழம்கூடக் கீழே சிந்தாதவன் நான். அங்கேயே, வாசல்படியிலேயே, “இந்தக் கடிகாரம் மேடைக்கு வர்ற வரைக்கும் இந்த டேவானுக்குள்ள நான் காலு வைக்கமாட்டேன்!” என்று சத்தியம் பண்ணிவிட்டேன். என்னைச் சமாதானப்படுத்த இருநூறு பேர் ஓடி வந்தார்கள். கங்கா ரெண்டு பேர் என்பாள். அவளுக்கு எண்ணத் தெரியாது.

ஊரே அந்த டேவானுக்குள் குடியேறப் போகிறது என்று நான் கண்டேனா? முன்பெல்லாம் சாயங்காலமானால் என் வீட்டு முன்னால் பத்துப் பேர் நிற்பார்கள், ஆற்றில் முதலையை நான் டார்ச்லைட்டாலேயே அடித்துத் துரத்திய கதையைக் கேட்க. இப்போது அவன் அவன் பேட்டைத் தூக்கிக்கொண்டு பூப்பந்து ஆடப் போய்விடுகிறான். திருச்செல்வமும் கணேஸ்வரனும் கால்வாய்த் தண்ணீருக்காகப் பன்னிரண்டு வருஷம் அடித்துக்கொண்டவர்கள், நான் எத்தனை பஞ்சாயத்துப் பண்ணியிருப்பேன்! இன்றைக்கு ரெண்டு பேரும் ஒரே பக்கம் நின்று ஆடுகிறார்கள். இனி நான் யாரைச் சமாதானம் பண்ணுவது? பிள்ளைகள் அங்கே டியூஷன் படித்துவிட்டு வந்து என் கணக்கில் தப்புக் கண்டுபிடிக்கின்றன. கங்கா உடற்பயிற்சிக்குப் போய், இப்போது சந்தையில் எனக்கு முன்னால் நடக்கிறாள். ஒரு குடும்பத்துக்கு இது அழகா?

இரத்த அழுத்தம் பார்க்க மாதம் ஒரு தடவை நர்ஸ் மிஸ்ஸி வருகிறாள். அதுவும் அந்த டேவானில்தான். நான் சொன்ன சொல் மாறுவேனா? ஜன்னல் கம்பிக்குள் கையை மட்டும் நீட்டினேன். “அங்கிள், உள்ள வாங்களேன்” என்றாள். “காலுதாம்மா வைக்கமாட்டேன்னேன், கையைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல” என்றேன். பட்டையைச் சுற்றிக் காற்றடித்தாள் பாருங்கள், கை வீங்கிக் கம்பிக்குள் மாட்டிக்கொண்டது. அந்த நேரம் பார்த்து மழை. உடம்பு வெளியே நனைகிறது, கை உள்ளே காய்கிறது. திருச்செல்வம் குடை பிடித்தான். அதுவும் தனக்கு!

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். இப்போது நித்தியா தன் கல்யாணத்துக்கு அதே டேவானைப் பிடித்திருக்கிறாள்.

“அப்பா, நீங்க உள்ள வருவீங்களா மாட்டீங்களா?”

“சொன்ன சொல்லுன்னு ஒண்ணு இருக்கும்மா.”

“அப்ப மாமாவே தாரை வார்க்கட்டும் லா. நீங்க ஜன்னல் வழியா கைய நீட்டி ஆசீர்வாதம் பண்ணுங்க.”

சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டாள். ராத்திரி சாப்பிட வரவில்லை. அவளுக்குப் பிடித்த நெத்திலிச் சம்பல், அப்படியே கிடந்தது. எனக்கும் இறங்கவில்லை, ரெண்டு தட்டோடு எழுந்துவிட்டேன். பெற்றவன் நான் மழையில் நிற்பேனாம், நீங்கள் வேட்டி கட்டிக்கொண்டு என் மகளின் கையைப் பிடித்துக் கொடுப்பீர்களாம். என்ன நியாயம் இது? ஆகவே உடனே டீச்சருக்குப் போன் போட்டு, கடிகாரம் மேடைக்கு வராவிட்டால் தாய்மாமனும் வரமாட்டான் என்று கறாராகச் சொல்லிவிடுங்கள்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம், அக்காவுக்கு என் வணக்கம். வாசலில் நிற்கும் ரம்புத்தான் காய்த்தால் எங்களையும் நினைத்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
சொன்ன சொல் மாறாத
செல்லன்

பி.கு.: மச்சான், தபால்தலை வாங்க மறந்ததில் கடிதம் புதன்கிழமை வரை வீட்டிலேயே கிடந்துவிட்டது. மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடுங்கள். டீச்சருக்குப் போன் போடவே போடாதீர்கள்.

நித்தியா எனக்குத் தெரியாமல் டீச்சரிடம் போய்க் கெஞ்சி, கடிகாரத்தை மேடைக்கு மாற்ற வைத்துவிட்டாள். நானும் சலவை வேட்டி கட்டி, வலது காலை எடுத்து வைத்து உள்ளே போய், என் படத்துக்கு எதிரிலேயே உட்கார்ந்தேன். ஒருத்தரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. திடீரென்று அடுப்படியில் ஒரே கூச்சல். வயசானவர்களுக்குப் புதன்தோறும் சமைத்துப் போடுகிற திலகா, கையெல்லாம் மாவோடு ஓடி வருகிறாள்: “டீச்சர், செல்லண்ணன் மூஞ்சி எங்க? சோறு குழைஞ்சுபோச்சு, பருப்பு அடி புடிச்சுப்போச்சு!” அப்புறம்தான் விளங்குகிறது. அவர்கள் நிமிஷமெல்லாம் பார்ப்பதில்லையாம். பெரிய முள் என் ஒரு காதிலிருந்து மறு காதுக்குப் போனால் சோறு. மீசையின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போனால் பருப்பு. கூடச் சமைக்கிற மலாய்க்கார அக்கா ரொஹானாவும் வெறுஞ்சுவரைக் காட்டி, “மீசாய்! மீசாய்!” என்று அலறுகிறாள்.

எனக்கு வந்ததே ஒரு கோபம்! ஒரு வருஷமாக என் முகத்தைப் பார்த்து ஊரே பொங்கித் தின்றிருக்கிறது, ஒரு வார்த்தை என்னிடம் சொல்லவில்லை! “யாரைக் கேட்டு இதை மேடைக்குக் கொண்டு வந்தீங்க?” என்று டீச்சரைப் பிடி பிடியென்று பிடித்து, நானே ஏணி போட்டுக் கழற்றி, பழையபடி கேஸ் தோம்புக்கு மேலேயே மாட்டிவிட்டேன். நித்தியா என் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் குழைந்த சோற்றை ரெண்டு தரம் போட்டுச் சாப்பிட்டாள்.

தாரையை நானே வார்க்கிறேன். நீங்கள் வேட்டியோடு முன்வரிசையில் உட்கார்ந்தால் போதும். தாலி கட்டி முடிந்ததும் மேடையில் என்னைத் தேட வேண்டாம். அடுப்படியில் என் படத்துக்குக் கீழே நின்றுகொண்டிருப்பேன். ஐந்நூறு பேருக்குச் சோறு வேக வேண்டும். மாற்று பேட்டரி என் சட்டைப் பையில்தான் இருக்கிறது.