தொகுஜி வண்டியின் மஞ்சள் விளக்கு

முன்விளக்கு இரண்டும் மஞ்சள்பொடியில் ஊறப்போட்ட முள்ளங்கி மாதிரி மஞ்சளாகிக் கிடந்தன. தொகுஜி வண்டிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

"போன வாரம்கூட நல்லாத்தானே இருந்தே?" என்றார் வண்டியிடம்.

மனைவி சதாயே சமையலறை ஜன்னலிலிருந்து பதில் சொன்னாள்.

"எஃப்.சி. இன்னையோட முடியுது. மெக்கானிக்கிட்ட விடுங்கன்னேன், நானே காட்டிக்கறேன்னீங்க. சாயங்காலம் பாஸாகி வரலேன்னா பழைய இரும்புக்காரனுக்குப் போன் போட்டுடுவேன்."

"அப்புறம் பேரிக்காய்த் தோட்டத்துக்கு எதுல போறதாம்?"

"ஒகுயாமா அண்ணன் வண்டியில தொத்திக்கோங்க."

ஒகுயாமா அடுத்த வீட்டுக்காரர். நல்ல மனிதர்தான், ஆனால் வாயைத் திறந்தால் அறிவுரை. அறுவடை முடியும்வரை தினமும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து போவதைவிடப் பேரிக்காயை முதுகில் சுமந்துவிடலாம்.

நினைத்த மாத்திரத்தில் வேலிக்கு மேலே அவருடைய தொப்பி எழுந்தது.

"என்ன தொகுஜி, வண்டிக்கு மஞ்சக்காமாலையா?"

"வெயில் பட்டதுண்ணே."

"எனக்கு மட்டும் வேற வெயிலா அடிக்குது? காலையிலகூட ஷெட்ல என் வண்டியப் பாத்தேன், விளக்கு கண்ணாடியாட்டம் நிக்குது. அதே சங்கத்துல வாங்குன அதே வண்டி. எல்லாம் வச்சுக்கிற கையில இருக்குப்பா."

அந்த ஊரில் எல்லோரிடமும் அதே வண்டிதான். விவசாயக் கூட்டுறவுச் சங்கம் விற்ற வெள்ளைக் குட்டி லாரி. முந்தின நாள் கால்வாய் தூர் வாரப் போனபோது வரப்போரமாக ஊர் வண்டி மொத்தமும் வரிசையாக நின்றது. சாவியைக்கூட யாரும் கழற்றவில்லை. எவன் திருடப் போகிறான்?

"பல் விளக்குற பேஸ்ட்டைப் போட்டுத் தேயி," என்றார் ஒகுயாமா.

தொகுஜி தேய்த்தார். ஈரமாக இருந்தவரை பளபளத்தது. காய்ந்ததும் திட்டுத் திட்டாக வெளுத்து, புதினா மணத்தது.

"அரைகுறையா நிக்குது பாரு. கொசு மருந்து அடி, கரைஞ்சு ஓடும்."

உண்மையிலேயே கரைந்து ஓடியது! தொகுஜி அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார். உள்ளே போய் ஒரு வாய் தேநீர் குடித்துவிட்டு வந்தால், விளக்கு முழுக்கச் சிலந்தி வலை மாதிரி விரிசல்.

"அட, ரொம்ப அடிச்சிட்ட. பரவால்ல, உப்புத்தாள் வச்சு இழைச்சிடு."

இழைத்தார். விரிசல் போய்விட்டது. விளக்கு இப்போது குளியலறை ஜன்னல் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது.

சதாயே வந்து குனிந்து பார்த்தாள். "வெளிச்சம் வெளியில வரவே கூடாதுன்னா, பிரமாதமா பண்ணியிருக்கீங்க."

"ஒன் கைக்கு ராசியே இல்லப்பா," என்றார் ஒகுயாமா. "ஒங்கிட்ட மாட்டுன வண்டி பாவம்."

வேறு வழியில்லை. சதாயேயின் காரில் ஏறி, பழைய வண்டி உடைக்கிற இடத்துக்குப் போய் இரண்டு விளக்கு வாங்கி வந்தார் தொகுஜி. ஒன்று ஒரு மாடல், இன்னொன்று அதற்கு அண்ணன் மாடல். பம்பரைக் கழற்றும்போது நாலு கிளிப் உடைந்தது. அண்ணன் விளக்கு ஓட்டையில் உட்காரவில்லை. கம்பி வைத்துக் கட்டினார். சுவரைப் பார்த்து வண்டியை நிறுத்தி விளக்கைப் போட்டார்.

"ஒண்ணு மரத்துல காக்காவத் தேடுது," என்றாள் சதாயே. "இன்னொண்ணு தரையில ஊசியத் தேடுது. இரும்புக்காரன் நம்பர் எங்க வச்சேன்?"

"இரு, இரு! எஃப்.சி. ஆபீஸ் பக்கத்துல விளக்கு நேர் பண்ற கடை இருக்கு!"

தொகுஜி பாய்ந்து ஏறினார். முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. ஸீட் முன்னால் வந்திருந்தது. யார் தள்ளியது என்று யோசிக்கக்கூட நேரமில்லை. அதற்குள் பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு, கையில் சோற்றுருண்டைப் பொட்டலத்தோடு ஒகுயாமா ஏறினார்.

"நீங்க எதுக்குண்ணே?"

"நீ தோக்கறத நான் நேர்ல பாக்க வேணாமா?"

வழி நெடுக அவர் சாப்பிட்டுக்கொண்டே பேசினார். "இந்த ஓட்டைக்கு இம்புட்டுப் பாடு தேவையா? குலுங்குற குலுக்குல சோறு மூக்குக்குள்ள போகுது. நானா இருந்தா எப்பவோ எடைக்குப் போட்டிருப்பேன்."

கடையில் இருந்த பெண் கருவியை வைத்து ஸ்குரூவைத் திருகினாள். காக்காவும் ஊசியும் ஒரு வழியாக நேருக்கு வந்தன.

"இப்ப பாஸாகிடும் சார். அந்தக் கம்பிய மட்டும் யாரும் பாக்காம பாத்துக்கோங்க."

தொகுஜிக்கு உயிர் வந்தது. ஒகுயாமாவின் முகம் லேசாகத் தொங்கியது.

சோதனை வரிசையில் கடைசியாக நின்றவர் தொகுஜிதான். அதிகாரி இளைஞர். தொகுஜி வீட்டிலிருந்து எடுத்து வந்து நீட்டிய காகிதங்களை வாங்கிக்கொண்டு நேராக விளக்கைத்தான் பார்த்தார்.

"ரெண்டும் வேற வேறயா இருக்கே. இப்பத்தான் மாத்துனீங்களா?"

தொகுஜிக்குப் பொய் வராது. பேஸ்ட், கொசு மருந்து, உப்புத்தாள், கிளிப், கடைசியில் கம்பி வரைக்கும் ஒன்று விடாமல் கொட்டிவிட்டார். ஒகுயாமா தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

"விளக்குதான் போச்சுன்னா, வாயாலயும் வண்டியக் கெடுத்துக்கிட்டான் பாருங்க சார்!"

அதிகாரி சிரிக்கவில்லை. குனிந்து, நம்பர் பலகையில் காய்ந்திருந்த கால்வாய்ச் சேற்றைத் துணியால் துடைத்தார். காகிதத்தைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். மறுபடி காகிதத்தைப் பார்த்தார். கையிலிருந்த கருவியில் அந்த நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு, தொகுஜியின் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"சார், இது உங்க வண்டியே இல்ல, ஒகுயாமான்னு ஒருத்தரோடது. பாவம், அந்த மனுஷனுக்குத் தெரியாமலா இத்தனையும் பண்ணி வச்சிருக்கீங்க?"