இரண்டாவது பாட்டில்

குளிர்தொட்டியின் மூடியைத் திறந்தவள் இன்னும் குனிந்து உற்றுப் பார்த்தாள். உள்ளே இருந்த வாயகன்ற இரண்டு பாட்டில்களில் ஒன்றில், கண்ணாடி மாதிரி உறைந்திருந்த ஜெலட்டினின் நட்டநடுவே ஒரு பள்ளம்.

மணி எட்டரை. பத்து மணிக்கு மருந்துக் கம்பெனியின் பரிசோதகர் வருகிறார். பதினேழு மணி நேரம் குளிரில் உறைந்த இந்த இரண்டு பாட்டில்களையும் இயந்திரத்தில் வைத்து அமுக்கிப் பார்ப்பார். கேப்சூல் கூடு செய்யும் அளவுக்கு உறுதி இருந்தால்தான் ஆர்டர். இந்த ஜெலட்டின் ஆலையின் லேபில் அவள் வேலைக்குச் சேர்ந்து ஒன்பது நாள்தான் ஆகிறது.

அக்காவுக்குப் போன் போட்டாள்.

"ஜெல்லிதானேடி? சூடான கரண்டியால மேல தடவி விடு. சமமாயிடும்."

"இது மருந்துக்குப் போறது, அக்கா!"

"மருந்துன்னா உருகாதா?"

உருகியது. நன்றாகவே உருகியது. பள்ளம் குளமாகிவிட்டது.

குளத்தை உறைய வைக்க, சாப்பாட்டு அறை ஃப்ரீசரில் பாட்டிலைத் திணித்தாள். அரை மணி கழித்து எடுத்தால் மேலெல்லாம் பனி பூத்து, ஓரத்தில் விரிசல் விட்டிருந்தது. பனியைப் போக்க வெந்நீர்க் குழாயில் காட்டினாள். பனி போனது. கூடவே லேபிளும் போனது.

"எல்லாம் ரெடியாம்மா?" கதவைத் திறந்துகொண்டு வந்தார் மேனேஜர். அவருக்குப் பின்னால் பரிசோதகர். நரைத்த தலை, கறாரான முகம்.

"ரெடி சார்" என்று வாய் சொல்லிவிட்டது. கை மட்டும் பாட்டிலை முதுகுக்குப் பின்னால் மறைத்தது.

"அது என்ன கையில?"

பொய் சொல்ல வாயெடுத்தாள். இந்தப் பொய்யோடு போகும் கேப்சூலை எவனோ ஒரு நோயாளி விழுங்கப்போகிறான் என்று தோன்றியதும் பாட்டிலை முன்னால் நீட்டினாள்.

"சார், ஒரு பாட்டில் கெட்டுப்போச்சு. காலையில பார்த்தப்பவே நடுவுல பள்ளம். சரி பண்றேன்னு நான்தான் இன்னும் கெடுத்துட்டேன்."

மேனேஜரின் முகம் சிவந்தது. "முதல்ல யார் கை வெச்சது? அவங்க சீட்டை இன்னைக்கே கிழிச்சுடறேன்!"

பரிசோதகர் பலமாக இருமினார். "விடுங்க, விடுங்க. அதான் இன்னொரு பாட்டில் இருக்கே."

அதை இயந்திரத்தில் வைத்தார்கள். உறுதி குறைந்தது இருநூற்று நாற்பது வேண்டும். இருநூற்று நாற்பத்தேழு காட்டியது.

"அருமை! ஆனா இன்னைக்குப் புதுசா ரெண்டு பாட்டில் ஊத்தி வைங்க, அந்தக் கணக்கையும் நாளைக்கு அனுப்புங்க" என்று சொல்லி, ஆர்டரில் கையெழுத்துப் போட்டார். கொண்டுவந்து வைத்த காப்பியைக் கூடக் குடிக்காமல் கிளம்பினார்.

அவர் போனதும் மேனேஜர், "உண்மையைச் சொன்னே பாரு, அதுல பொழைச்சோம்" என்றார். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. காற்றாட வாசல் வரை நடந்தாள்.

"அண்ணே, அவரு பார்க்கத்தான் கறார். மனுஷன் தங்கம்" என்றாள் காவலாளியிடம்.

"ஆமாம்மா, கடமையில சுத்தம். எட்டு மணிக்கே வந்து, லேபைச் சும்மா ஒரு எட்டுப் பார்க்கணும்னாரு, திறந்து விட்டேன். போன வேகத்துல திரும்பி வந்து, 'கட்டைவிரல் பிசுபிசுங்குது, சோப்பு இருக்கா?'ன்னு கேட்டாரு."