வலது காலில் ஒரு இன்ட்டு

ஒரு கோழித் தூக்கம் போட்டுவிட்டுக் கண் விழித்த கன்னியப்பன் தன் வலது பாதத்தைப் பார்த்து வெலவெலத்துப் போனார். வெள்ளி மையில் பளபளவென்று ஒரு இன்ட்டு மார்க்.

தொடை வழியாகக் குழாய் விட்டு, இதயத்தில் ஸ்டென்ட் வைத்து, காலை மடக்கக் கூடாது என்று படுக்க வைத்திருந்தார்கள். மார்க் பற்றி யாரும் மூச்சு விடவில்லை.

ஆம்பூர் ஷூ கம்பெனியில் அவருக்கு வேலையே அதுதான். தோலைத் தடவிப் பார்ப்பார். மனசுக்குப் பிடிக்கவில்லையென்றால் வெள்ளிப் பேனாவால் ஒரு இன்ட்டு. அப்புறம் அந்தத் தோலை ஆண்டவனே வந்தாலும் உள்ளே விடமாட்டார்.

"சுந்தரி, என் காலு ரிஜெக்ட் ஆய்டுச்சு" என்றார் மனைவியிடம்.

"ஹார்ட்டுக்குத்தானே வந்தோம்?"

"அப்புறம் ஏன் சிஸ்டருங்க மாத்தி மாத்தி காலையே தொட்டுப் பாக்குறாங்க? நல்ல பீஸை யாராவது நாலு பேரு பாப்பாங்களா? அழிச்சுடு."

சுந்தரி சானிடைசர் ஊற்றித் தேய்த்தாள். பாதம்தான் சிவந்தது, இன்ட்டு அசையவில்லை.

"இன்னா கன்னியப்பா, பேஜாரா?" என்றார் பக்கத்துக் கட்டில் அஹமது பாஷா. பேரணாம்பட்டு தோல் வியாபாரி. அன்று டிஸ்சார்ஜ் ஆகி, பையில் லுங்கியை மடித்து வைத்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுமில்ல பாய்."

சிவப்பை மறைக்க சுந்தரி சாக்ஸ் மாட்டிவிட்டாள். உடனே வந்து நின்றாள் நர்ஸ் சௌந்தர்யா.

"ஏன் சாக்ஸு? காலு ஜில்லுனு இருக்கா?"

"ஆமா சிஸ்டர், ஜாஸ்தி குளுரு" என்று புளுகினார்.

இந்த வைத்தியத்தில் கால் ஜில்லிட்டால் ரத்தம் அடைத்திருக்கலாம் என்பது பாவம் அவருக்கு எங்கே தெரியும்? மொத்த டீமும் ஓடி வந்தது. ஒருத்தி சாக்ஸைக் கழற்ற, ஒருத்தி பிரஷர் பார்க்க, ஒருத்தி தொடைக் கட்டை அழுத்த, டாக்டர் ஜான்சனும் வந்துவிட்டார். கன்னியப்பனுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. தலைமாட்டு மெஷின் கத்தியது.

"காலை எடுக்குறதா இருந்தா சொல்லிடுங்க டாக்டர். இன்ட்டு போட்டுட்டு எதுக்கு மூடி மறைக்கிறீங்க?" என்று அழுதேவிட்டார்.

டாக்டர் பாதத்தை அழுத்திப் பார்த்தார். "ரத்தம் சூப்பரா ஓடுது. இந்த மார்க்கை யாரு போட்டது?"

"நாடி துடிக்கிற எடத்துல மார்க் பண்றது வழக்கம் டாக்டர். ஷர்மிளா போட்டிருப்பாங்கன்னு நெனச்சேன்" என்றாள் சௌந்தர்யா.

"நான் பாரதி போட்டதுன்னு நெனச்சேன்" என்றாள் ஷர்மிளா.

"நானில்ல. நம்ம பேனா நீலமாச்சே" என்றாள் பாரதி.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்த பாஷா, ஒரு வெள்ளிப் பேனாவைக் கன்னியப்பனின் தலையணை ஓரம் வைத்தார்.

"உன் சட்டைப் பையிலருந்து எடுத்தேன். நல்ல காலுதான் கன்னியப்பா, நீ திருப்பி அனுப்பின என் தோலுங்க மாதிரியே."