டிரெய்லர் வரும் சனிக்கிழமை

"சரி, எடுத்துக்கறேன்" என்றார் வந்தவர்.

ஆர்லன் கையிலிருந்த காப்பி தளும்பிச் சட்டையில் கொட்டியது. மூன்று கோடையாகச் சாலையோரம் அந்தக் குட்டி டிராக்டரை நிறுத்தி, அதன் மூக்கில் 'விற்பனைக்கு' என்று அட்டை மாட்டி வைத்திருக்கிறார். இந்த வார்த்தையை இதுவரை யாரும் சொன்னதில்லை.

"எதை?"

"இதைத்தாங்க. நீங்க சொன்ன விலைக்கே."

ஆர்லன் சொன்ன விலை ஆளை ஓட வைப்பதற்காகச் சொன்ன விலை. அறுபத்தேழாம் வருஷத்து ஹார்ட்வெல் தோட்ட டிராக்டர் அது. புல் வெட்டும், பனி தள்ளும், வளர்ந்த ஆள் ஏறி உட்கார்ந்தால் முழங்கால் காதைத் தொடும். யாரோ கோழிக்கூடாக வைத்திருந்ததை மீட்டுவந்து இரண்டு குளிர்காலம் உழைத்து உயிர் கொடுத்திருந்தார். அதை விற்கும் எண்ணம் அவருக்குத் துளியும் இல்லை. அட்டை மாட்டியது மனிதர்கள் வருவதற்காக.

மனைவி ஜூடித்துக்கு விஸ்கான்சின் பனி பிடிக்கவில்லை. அரிசோனாவுக்குப் போய்விட்டாள். பிடிக்காதது பனி மட்டுமல்ல என்பது வக்கீல் கடிதம் வந்த பிறகுதான் ஆர்லனுக்குத் தெரிந்தது. அந்தக் குளிர்காலத்தில் ஒருமுறை ஒன்பது நாள் அவர் யாரோடும் பேசவில்லை. பத்தாம் நாள், தொண்டை இன்னும் வேலை செய்கிறதா என்று பார்க்க உதிரிபாகப் பட்டியலை எடுத்து உரக்க வாசித்தார். ஆயில் சீல் வரை போனதும் அழுகை வந்துவிட்டது.

அடுத்த மே மாதம் அட்டை மாட்டினார். பழைய டிராக்டர் பித்தர்களின் குணம் அவருக்குத் தெரியும், தானும் அந்தக் கூட்டத்து ஆள்தானே. அட்டையைக் கண்டால் காரை நிறுத்துவார்கள். சக்கரத்தை உதைப்பார்கள், பானட்டைத் தூக்குவார்கள், தங்கள் அப்பா வைத்திருந்த டிராக்டரைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசுவார்கள். விலையைக் கேட்டதும் "வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு வரேன்" என்று நழுவிவிடுவார்கள். வாரம் இரண்டு பேராவது வந்து, அவருடைய காப்பியைக் குடித்து, அது நன்றாக இருப்பதாகப் பொய்யும் சொல்லிவிட்டுப் போனார்கள். நன்றாகத்தான் நடந்துகொண்டிருந்தது.

இப்போது ஒருவர் வாங்கிக்கொள்கிறேன் என்கிறார். பெயர் டெல்மர். எழுபதைத் தாண்டிய ஒல்லி மனிதர், இஸ்திரி போட்ட சட்டை, சின்ன நீலக் கார்.

"ஒண்ணு சொல்லிடறேன். இது காலைல லேசுல ஸ்டார்ட் ஆகாது. அழுது அடம் பிடிக்கும்" என்றார் ஆர்லன்.

டெல்மரின் முகம் மலர்ந்தது. "அப்படியா! கார்பரேட்டராத்தான் இருக்கும். இன்னிக்கு நான் சும்மா கார்ல வந்துட்டேன். மச்சான்கிட்ட டிரெய்லர் இருக்கு. அடுத்த சனிக்கிழமை எடுத்துட்டு வரட்டுமா? எத்தனை மணிக்கு வந்தா உங்களுக்குத் தோது?"

நேரம் குறித்த பிறகும் அவர் போகவில்லை. மூன்று மணி நேரம் இருந்தார். கொட்டகையில் இருந்த பழைய டிராக்டர் பாகங்களையும் ஒவ்வொன்றாகக் குசலம் விசாரித்தார். அவர் போனபின் ஆர்லன் இரண்டு கோப்பைகளையும் கழுவிக் கவிழ்த்தார். இரண்டு கோப்பை கழுவும் சுகம் அவருக்கு மறந்தே போயிருந்தது. ஆனால் டிராக்டர் போனால் அட்டை போகும், அட்டை போனால் ஆள் வராது.

புதன்கிழமை தபால் கொண்டுவந்த கார்லாவிடம் விஷயத்தைச் சொன்னார். கார்லா காரை விட்டு இறங்காமலே ஊர் நியாயம் தீர்ப்பவள்.

"விக்க இஷ்டமில்லைன்னு சொல்லிட்டுப் போங்களேன், ஆர்லன். இதுல என்ன இருக்கு?"

"சொன்னா அதுக்கப்புறம் அந்தாள் எதுக்கு இங்க வரப் போறாரு?"

"அப்ப வித்துடுங்க."

"வித்தா மட்டும் வருவாரா?"

கார்லா அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, மின்சார பில்லை நீட்டிவிட்டுப் போனாள்.

ஆர்லன் ஒரு முடிவுக்கு வந்தார். டிராக்டர் ஓடாமல் போனால் மனிதர் வாங்க மாட்டார், ஆனால் பார்க்க வருவார். கார்பரேட்டரைக் கழற்றிச் சமையலறையில் ரொட்டிப் பெட்டிக்குள் ஒளித்து வைத்தார். ஓடுகிற டிராக்டரைக் கண்டால் இந்தக் கூட்டத்துக்குக் கொட்டாவி வரும், ஓடாததைக் கண்டால்தான் கை துறுதுறுக்கும் என்பதை, அதே கூட்டத்தில் முப்பது வருஷம் இருந்தும், அவர் மறந்துபோனார்.

சனிக்கிழமை டெல்மர் வந்தார். டிரெய்லர் வரவில்லை. மச்சானின் டிரெய்லரில் டயர் வெடித்துவிட்டதாம். பதிலுக்கு ஒரு பை நிறையப் புதுச் சீஸ் கொண்டுவந்திருந்தார், கடித்தால் பல்லில் கிறீச்சிடும் புதுசு.

"கார்பரேட்டரைக் காணோம். எங்க வெச்சேன்னு தெரியல" என்றார் ஆர்லன், முகத்தை முடிந்தவரை சோகமாக வைத்துக்கொண்டு.

"காணோமா? வாங்க, தேடிடுவோம்!"

இரண்டு மணி நேரம் தேடினார்கள். தான் ஒளித்ததைத் தானே தேடுவது எவ்வளவு களைப்பான வேலை என்று ஆர்லனுக்கு அன்றுதான் தெரிந்தது. கடைசியில், சீஸுக்குத் தொட்டுக்கொள்ள ஒரு துண்டு ரொட்டி இருக்குமா என்று டெல்மர் பெட்டியைத் திறந்துவிட்டார்.

ஆர்லன் கண்ணை மூடிக்கொண்டார்.

"அட! நீங்களும் என்னை மாதிரிதானா? கழுவிக் காய வெக்க இதைவிட நல்ல இடம் கிடையாதே! நானும் இப்படித்தான் வெச்சு வீட்ல திட்டு வாங்கியிருக்கேன்."

மாலைக்குள் அதைச் சுத்தம் செய்து மாட்டிவிட்டார். அழுது அடம் பிடித்த டிராக்டர் தொட்டவுடன் பாட ஆரம்பித்தது. ஆர்லனைத் தவிர மற்ற எல்லாருக்கும் சந்தோஷம், டிராக்டர் உட்பட.

"அடுத்த சனிக்கிழமை டிரெய்லர் வந்துடும். அதே பத்து மணிதானே?" என்றார் டெல்மர்.

இந்த முறை ஆர்லன் துணிந்து ஒரு பாவம் செய்தார். ஜூடித் குளியலறைக்கு வாங்கி மிச்சம் வைத்திருந்த ஊதா பெயிண்டை எடுத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, அந்தச் சிவப்பு ஹார்ட்வெல் முழுக்கச் சுவர் பிரஷ்ஷால் பூசினார். கம்பெனி நிறத்தை மாற்றியவனை இந்தக் கூட்டத்தில் யாரும் மன்னிக்க மாட்டார்கள். கோபத்தில் இனி வரவே மாட்டாரோ என்ற பயம் பூசி முடித்த பிறகுதான் வந்தது. துடைக்க ஓடினார், அதற்குள் காய்ந்துவிட்டது.

டெல்மர் வந்தார். டிரெய்லர் மச்சானின் வைக்கோலைச் சுமந்துகொண்டு எங்கோ போயிருந்ததாம். ஊதா டிராக்டரைச் சுற்றிச் சுற்றி வந்தார். தொப்பியைக் கழற்றினார், எழவு வீட்டில் கழற்றுவதுபோல.

"யாருங்க பண்ணினது?"

"சொந்தக்காரன் ஒருத்தன்" என்றார் ஆர்லன். அந்தப் பாவி தான்தான் என்று ஒப்புக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை.

டெல்மர் நகத்தால் ஓர் ஓரத்தைச் சுரண்டினார். முகத்தின் வெளுப்பு மெல்ல நீங்கியது. "இது சுவர் பெயிண்ட்தானே? ஸ்பிரிட் தொட்டுத் தேய்ச்சா போயிடும். அடியில பழைய சிவப்பு பத்திரமா இருக்கு. ரெண்டு பேர் உக்காந்தா நாலஞ்சு சனிக்கிழமைல முடிச்சுடலாம்."

நாலஞ்சு பதினொன்று ஆனது. ஒருவர் ஒரு பக்கமும் மற்றவர் மறுபக்கமுமாக வாளிகளைக் கவிழ்த்து உட்கார்ந்து தேய்த்தார்கள். ஆகஸ்டுக்குள் வாய்யா போய்யா என்று பேசும் அளவுக்கு வந்திருந்தார்கள்.

"நீ தேய்க்கிறதைப் பாத்தா பூனைக்குத் தடவிக் குடுக்கற மாதிரி இருக்கு. அழுத்துய்யா!"

"அழுத்தினா உன் டிராக்டர்ல ஓட்டை விழும். பரவால்லையா?"

"இன்னும் உன் டிராக்டர்தான்யா இது. என் கொட்டகைல ஜன்னலோரம் இடம் பெருக்கி வெச்சிருக்கேன், அங்க வந்து நிக்கட்டும், அப்புறம் என்னுது."

அந்தக் கொட்டகைக்கு ஆர்லனை ஒருநாளும் அவர் கூப்பிட்டதில்லை. சிலர் சுபாவம் அப்படி என்று ஆர்லன் விட்டுவிட்டார். ஆனால் அந்த ஜன்னலோரத்தை நினைத்தால் அவருக்கு மனசு உறுத்தியது. ஒரு நல்ல மனிதரை வாராவாரம் ஏமாற்றிக்கொண்டிருக்கிறோமே.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை வினை வேறு வழியாக வந்தது. பளபளவென்று நின்ற ஹார்ட்வெல்லைப் பார்த்து, இல்லினாய்ஸ் பதிவெண் கொண்ட பெரிய வண்டி ஒன்று ஓரம் கட்டியது. அதன் பின்னால் நிஜமான, காலியான டிரெய்லர்.

"பிரமாதம்! கேட்ட விலையைத் தரேன். இப்பவே ஏத்திடலாமா?" என்றான் இறங்கியவன்.

ஆர்லன் கையிலிருந்த துணியைக் கீழே போட்டார். ஆனால் எதிர்ப்பக்கம் வாளியில் உட்கார்ந்திருந்த டெல்மர்தான் பேயறைந்தது போல இருந்தார்.

"அது வித்தாச்சு" என்றார் டெல்மர்.

"யாருக்கு?"

"எனக்கு!" என்று எழுந்து, ஆர்லனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்த வட்டாரத்தில், சாட்சி பார்க்கக் கை குலுக்கிவிட்டால் அது பத்திரம் எழுதியதற்குச் சமம். செய்த காரியம் உறைத்ததும் டெல்மர் வாளிமேல் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். இல்லினாய்ஸ்காரன் முணுமுணுத்துக்கொண்டே போனான்.

"அப்ப… அடுத்த சனிக்கிழமை டிரெய்லர்" என்றார் டெல்மர், குரலே இல்லாமல்.

"ம்" என்றார் ஆர்லன்.

அந்த வாரம் ஆர்லன் பைத்தியம் பிடித்தவர்போல வேலை செய்தார். எஞ்சினை இறக்கினார். கியர்பாக்ஸைப் பிளந்தார். சக்கரம், பெல்ட், ஸ்டீயரிங் எல்லாம் தனித்தனியாக. போல்ட்டுகளையும் நட்டுகளையும் பதினாறு காப்பி டப்பாக்களில் போட்டு, பிறகு அதுவும் போதாதென்று எல்லா டப்பாவையும் ஒரே குவியலாகக் கொட்டிக் கலந்தார்.

சனிக்கிழமை டெல்மர் வழக்கத்தைவிட மெதுவாக இறங்கிவந்தார். டிரெய்லரின் லைசென்ஸ் காலாவதியாகிவிட்டதாம். சொல்லும்போதே கொட்டகைக்குள் கிடந்த குவியலைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"கியர்பாக்ஸ்ல ஆயில் ஒழுகுச்சு. அதான் பிரிச்சேன்" என்றார் ஆர்லன், தரையைப் பார்த்துக்கொண்டே.

"எல்லாத்தையுமா?"

"ஒழுகல் எங்கிருந்துன்னு தெரியல."

டெல்மர் குனிந்து ஒரு நட்டை எடுத்துத் துடைத்தார். "இப்படியே ஏத்திட்டுப் போனா பாதி வழியில விழுந்துடும், இல்லய்யா?"

"கண்டிப்பா விழும்."

"இங்கயே சேத்துட்டுத்தான் எடுத்துட்டுப் போகணும்."

"குளிர்காலம் முழுக்க ஆகும். சனிக்கிழமை சனிக்கிழமை பண்ணினா."

"அப்ப வசந்தத்துல டிரெய்லர் கொண்டு வந்தா போதும்" என்று சிரித்தார் டெல்மர். அந்தச் சிரிப்பை ஆர்லனால் நேராகப் பார்க்க முடியவில்லை.

மதியம் நீலக் கார் சாலையில் ஏறி, எதிரே வந்த கார்லாவுக்குக் கையசைத்துவிட்டுப் போனது. தபால் பெட்டியருகே காத்து நின்ற ஆர்லனுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. கார்பரேட்டர், ஊதா பெயிண்ட், காப்பி டப்பா எல்லாவற்றையும் கார்லாவிடம் கொட்டித் தீர்த்தார்.

"போதும், கார்லா. நான் தனியா இருக்கேங்கறதுக்காக அந்த மனுஷனை அலைய வெச்சது பாவம். ராவும் பகலும் உக்காந்து சேத்துடப் போறேன். காசு வேணாம். நானே ஒரு டிரெய்லர் பிடிச்சு அவர் கொட்டகைல கொண்டு போய் இறக்கிட்டு வந்துடறேன்."

கார்லா தபாலை நீட்டிய கையை அப்படியே நிறுத்தினாள்.

"ஐயோ, அப்படி ஏதும் பண்ணித் தொலைச்சிடாதீங்க, ஆர்லன்! அவருக்கு ஏது கொட்டகை? பண்ணையை வித்துட்டு மூணு வருஷமா டவுன்ல ரெண்டாவது மாடில ஒத்த ரூம்ல இருக்காரு, மச்சானும் கிடையாது மண்ணாங்கட்டியும் கிடையாது. அந்த ரூமுக்கும் நான்தானே தபால் போடறேன்! 'விற்பனைக்கு'ன்னு அட்டை மாட்டின வீடெல்லாம் ஏறி இறங்கி, கடைசியா உங்க வீட்லதான் மனுஷன் நிலைச்சு உக்காந்திருக்காரு. நிஜமாவே குடுத்துட்டீங்கன்னா, பாவம், சனிக்கிழமைல அவரு எங்க போவாரு?"