டெலியா ரைமரின் முதல் வாக்கியம்

நெருப்பு, சக்கரம், அடிக்குறிப்பு. மனித குலத்தை உயர்த்திய இந்த மூன்றில் முதல் இரண்டுக்கும் எங்கள் கிளீவ்லாந்து சட்டக் கல்லூரி உரிமை கொண்டாடாது. மூன்றாவதை யாருக்கும் விட்டுத்தர மாட்டோம்.

எங்களிடம் படிப்பவர் எவரும் பட்டம் வாங்குமுன் முப்பது பக்கத்துக்கு ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதியாக வேண்டும். பேராசிரியர் ஒருவர் 'தேறியது' என்று கையெழுத்திட வேண்டும். விதிகள் எளியவை. கட்டுரையில் இருப்பது உலகில் இதுவரை யாரும் சொல்லாததாக இருக்க வேண்டும். கூடவே, ஒவ்வொரு வாக்கியத்தையும் ஏற்கெனவே யார் சொன்னார் என்று கீழே அடிக்குறிப்புப் போட வேண்டும். இது எப்படி முடியும் என்று முதலாண்டு மாணவர்கள் யோசிப்பார்கள். மூன்றாம் ஆண்டுக்குள் யோசிப்பதை விட்டுவிடுவார்கள். அதைத்தான் நாங்கள் 'சட்டக் கல்வி' என்கிறோம்.

கட்டுரைக் குழுவின் செயலாளன் நான். டெலியா ரைமர் விவகாரத்தில் எங்கள் குழு காட்டிய உறுதியை நானே சொன்னால்தான் உண்டு.

டெலியா இறுதியாண்டு மாணவி. கல்லூரியின் இலவச சட்ட உதவி மையத்தில் ஐரீன் குபியாக் என்ற மூதாட்டியின் வழக்கைப் பார்த்துவந்தாள். குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் ஹீட்டர் ஓடவில்லை என்று நகராட்சியில் புகார் கொடுத்த குற்றத்துக்காக, வீட்டுக்காரன் ஐரீனைக் காலி செய்யச் சொல்லி வழக்குப் போட்டிருந்தான். டெலியா நான்கு பக்கத்தில் மனு எழுதினாள். நீதிபதி உட்கார்ந்த இடத்திலேயே படித்துவிட்டு காலி செய்வதற்கு மார்ச் வரை தடை கொடுத்தார். அந்த மனுவையே கட்டுரையாக ஏற்கும்படி டெலியா எங்களைக் கேட்டாள்.

குழு அதை வேதனையோடு பரிசீலித்தது. மனு குட்டையாக இருந்தது, பொறுத்துக்கொண்டோம். ஒரே வாசிப்பில் புரிந்தது. அதையும் வயதுக் கோளாறு என்று விடலாம். ஆனால் அது ஒருவருக்குப் பயன்பட்டுவிட்டது. அதற்குமேல் எங்களால் என்ன செய்ய முடியும்? ஏகமனதாக நிராகரித்துவிட்டு சாண்ட்விச் சாப்பிடப் போனோம்.

டெலியா புதிதாக எழுத உட்கார்ந்தாள். மேற்பார்வைக்குப் பேராசிரியர் லோவெல் ஹாட்ச். முதல் வாக்கியம்: 'வீட்டில் சூடு இல்லாவிட்டால் குடியிருப்பவர் குளிரில் வாடுவார்.' ஹாட்ச் பேனாவை மூடி வைத்தார்.

"இதை யாரும்மா சொன்னாங்க?"

"நான்தான் சொல்றேன் புரொபசர்."

"நீ சொன்னா ஆச்சா? ஆதாரம்?"

"குளிர்ல குளிரும்ங்கிறதுக்கு ஆதாரமா? அந்த ஜன்னலத் திறந்து பாருங்க."

"திறக்கலாம்மா. ஜன்னலுக்குப் பக்க எண் கிடையாதே."

என்ன தெளிவு! அன்று மாலை முழுக்க ஆசிரியர் அறையில் இதையே பேசிச் சிலாகித்தோம்.

மார்ச் வந்தது. ஐரீனின் வழக்கும் கட்டுரையின் கெடுவும் ஒரே வாரத்தில் விழுந்தன. டெலியா என்னிடம் வந்தாள்.

"ஒரு வாரம் தள்ளிக் குடுங்க சார். அந்தம்மாவுக்கு என்னை விட்டா ஆளில்ல."

"உனக்குக் குடுத்தா எல்லாருக்கும் குடுக்கணுமே."

"எல்லாரும் கேட்டாங்களா?"

"கேட்டுட்டா?"

கையெழுத்து இல்லாவிட்டால் பட்டம் இல்லை. பட்டம் இல்லாவிட்டால் வக்கீல் தேர்வு எழுத முடியாது. ஏழைகளுக்கு வாதாடும் அலுவலகத்தில் அவளுக்காகக் காத்திருந்த வேலையும் போய்விடும். டெலியா மையத்துக்குப் போவதை நிறுத்திவிட்டு நூலகத்தில் உட்கார்ந்தாள். பெண் தேறிவிட்டாள் என்று எனக்குப் பெருமையாகவே இருந்தது.

கெடு நாளில் கட்டுரை வந்தது. முதல் வாக்கியத்தின் கீழே கம்பீரமாக ஓர் அடிக்குறிப்பு. அதில் அந்த வாரமே வெளியான நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றைக் காட்டியிருந்தாள்: சூடில்லாத வீட்டில் குளிரில் வாடியதாகக் குடியிருப்பவர் கூறினார், அவருக்கு வக்கீல் இல்லை, இறுதி விசாரணைக்கு எழுத்துமூலமாக எதுவும் தாக்கலாகவில்லை, வீட்டைக் காலி செய்ய வேண்டியது.

"பாத்தியா? தேடினா கிடைக்குது," என்றார் ஹாட்ச், மகிழ்ச்சியாகக் கையெழுத்திட்டபடியே.

கட்டுரைக்கு அந்த ஆண்டின் சிறந்த எழுத்துக்கான விருதைக் கொடுத்தோம். குறை என்று பார்த்தால் ஒன்றே ஒன்றுதான். ஐரீன் குபியாக் இப்போது எந்தத் தெருவில் படுக்கிறார் என்று அதில் ஒரு வரிகூட இல்லை. எழுதியிருந்தால், அடிக்குறிப்பில் எங்கள் குழுவின் பெயரைத்தான் போட்டிருக்க வேண்டும்.