டிஷ்யூ பாக்கெட் வைத்த புல்தரை

எனக்குப் போராட்டம் ஒத்துக்கொள்ளாது. சிலருக்கு இறால் ஒத்துக்கொள்ளாதே, அப்படித்தான். ஒரே ஒரு முறை ருசி பார்த்தேன். அதன் தடிப்பு இன்னும் அடங்கவில்லை.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. பொங்கோல் வீட்டில் அம்மா சமைத்ததை மூக்குப் பிடிக்கத் தின்றுவிட்டு, சோபாவில் சாய்ந்தபடி ஏற்றத்தாழ்வைப் பற்றிக் கொதிப்பேன். அம்மா ஃபுட்கோர்ட்டில் மேசை துடைத்துத் தட்டு எடுக்கும் வேலை பார்த்தார். (பகலில் ஊரார் தட்டு, இரவில் என் தட்டு. இது எனக்கு ஏனோ ஏற்றத்தாழ்வாகத் தெரியவில்லை.)

சிங்கப்பூரில் நினைத்த நேரத்தில் தெருவில் இறங்க முடியாது. ஹொங் லிம் பூங்காவின் புல்தரையில் இறங்கலாம், அதுவும் ஆன்லைனில் பதிவு செய்துவிட்டு. என்னோடு வேலை பார்த்த பிரியா ஒரு சனிக்கிழமை பிற்பகலைப் பதிவு செய்துவிட்டாள்.

"சேகர், வெறும் பேச்சுன்னா யாரும் நிக்க மாட்டாங்க. கிரியேட்டிவா ஏதாவது யோசி" என்றாள்.

பிரியா சொன்னால் நான் கடலையே கலக்குவேன். யோசித்தேன். பாழாய்ப்போன யோசனை வந்தது.

இங்கே சாப்பாட்டுக் கடை மேசையில் ஒரு டிஷ்யூ பாக்கெட் இருந்தால் அந்த இடத்துக்கு ஆள் இருக்கிறது என்று அர்த்தம். அதற்குச் 'சோப்' பண்ணுவது என்று பெயர். எந்தச் சட்டப் புத்தகத்திலும் இது இல்லை, ஆனாலும் யாரும் மீற மாட்டார்கள். என் திட்டம் இதுதான்: புல்தரை முழுவதையும் டிஷ்யூ பாக்கெட் வைத்துச் சோப் பண்ணிவிடுவது. நடுவில் சாய்வு நாற்காலியில் பணக்காரனாக நான். பொதுமக்களுக்கு ஓரத்தில் ஒரே ஒரு பாய். வருகிறவர்கள் அந்தப் பாயில் நெருக்கியடித்துத் திணறுவார்கள், ஏற்றத்தாழ்வை உடம்பாலேயே உணர்வார்கள், அந்த நேரம் பார்த்து அம்மா மைக்கைப் பிடித்துப் பேசுவார்.

அம்மாவைச் சம்மதிக்க வைப்பதற்குள் எனக்குத் தாவு தீர்ந்துவிட்டது.

"நான் பேசி யாருடா கேக்கப் போறா?"

"கூட்டம் வரும்மா. நான் கேரண்டி."

"ஆளில்லாத எடத்துல நிக்க வச்சு அசிங்கப்படுத்தினே, அதுக்கப்புறம் ஆயுசுக்கும் எங்கேயும் வாயத் திறக்க மாட்டேன், பாத்துக்க."

பேச்சையும் நானே எழுதிக் கொடுத்தேன். 'முதலாளித்துவத்தின் கோரப் பற்களுக்கிடையே நசுங்கும் உழைக்கும் வர்க்கத்தின் குரலாக' என்று ஆரம்பம்.

"பல்லு விஷயமெல்லாம் எதுக்குடா? எனக்கே ரெண்டு பல்லு ஆடுது" என்றார் அம்மா. இலக்கிய ரசனை இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

தேக்காவில் ஒரு கடையில் டிஷ்யூவை மூட்டை மூட்டையாக வாங்கினேன். கடைக்காரர் என் மூக்கையே பார்த்தார். "தம்பி, டாக்டரப் பாத்தீங்களா?" என்று கேட்டார்.

அந்தச் சனிக்கிழமை வந்தது. இரவல் கோட்டு, கறுப்புக் கண்ணாடி, தங்கக் காகிதத்தில் செய்த சங்கிலி, சட்டைக்குள் தொப்பைக்கு ஒரு தலையணை. வெயிலில் வெந்துகொண்டு நாற்காலியில் சாய்ந்திருந்தேன். மக்கள் வந்தார்கள். ஆமாம், வந்தார்கள்! அதுதான் கொடுமை. புல்தரையின் ஓரம் வரை வந்து, வரிசை வரிசையாக இருந்த டிஷ்யூ பாக்கெட்டுகளைப் பார்த்து, 'ஆள் இருக்கு போல' என்று மரியாதையாகப் பின்வாங்கி, தூரத்து மரத்தடிக்குப் போய்விட்டார்கள்.

ஒரு தம்பதி மட்டும் துணிந்து என்னிடம் வந்து, "இங்க யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார்கள்.

நான் பாத்திரத்தில் ஊறிப்போயிருந்தேன். "எல்லாம் எனக்குத்தான்!" என்று கையை வீசினேன்.

"ஓ, சாரி" என்று சொல்லிவிட்டு அவர்களும் மரத்தடிக்குப் போனார்கள்.

பிரியா மூச்சிரைக்க ஓடி வந்தாள். "பாயில கூட யாரும் நிக்கல!"

போய்ப் பார்த்தேன். பாயின் நட்டநடுவில் ஒரு டிஷ்யூ பாக்கெட். பக்கத்தில் அம்மாவின் குடை.

"அம்மா, இது நீங்க வச்சதா?"

"ஆமா. பேசி முடிச்சா காலு வலிக்கும்ல? யாராச்சும் புடிச்சிட்டா?"

பொதுமக்களுக்கென்று விட்டுவைத்த அந்த ஒரு பாயும் போயிற்று. அம்மா அன்றைக்குத் தீபாவளிச் சேலை கட்டியிருந்தார். மைக் ஒரு கையில், நான் எழுதிய காகிதம் மறு கையில். காலிப் புல்தரையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"யாருமே இல்லியேடா" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

கலையாவது ஒன்றாவது என்று நாற்காலிப் பக்கமே திரும்பாமல், டிஷ்யூ பாக்கெட்டுகளை அள்ளிக் கோட்டுப் பைக்குள் திணிக்க ஆரம்பித்தேன். ஒரு வரிசை முடிவதற்குள் மரத்தடியிலிருந்து ஒரு சீன ஆன்ட்டி விரலை நீட்டிக்கொண்டு வந்தார்.

"ஏய், யூ! ஹவ் கேன் யூ டேக்? பீப்பிள் சோப் ஆல்ரெடி லா!"

"ஆன்ட்டி, இது ஆர்ட்..." என்று குனிந்தபடியே சொன்னேன். பையிலிருந்து நாலு பாக்கெட் கொட்டியது.

"திஸ் மேன் ஸ்டீலிங் டிஷ்யூ!"

பேச்சுக்கு வராத கூட்டம் சண்டைக்கு வந்தது. மரத்தடி மொத்தமும் என்னைச் சுற்றி நின்றது, எல்லார் கையிலும் ஃபோன். நிமிர்ந்தேன். தலையணை நழுவிக் கீழே விழுந்தது. கூட்டத்தில் ஒருவர், "உள்ளேயும் ஏதோ ஒளிச்சு வச்சிருக்கான்" என்றார்.

அப்போது ஒலிபெருக்கி அலறியது.

"ஹலோ ஆன்ட்டி! அது என் மகன்! திருடன் இல்ல, மடையன்! ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு லா!"

அம்மா காகிதத்தைக் கசக்கி எறிந்துவிட்டு, தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றையும் ஒரே தட்டில் போட்டுப் பிசைய ஆரம்பித்தார்.

"ஒரு டிஷ்யூக்கு இவ்வளவு மரியாத குடுக்குறீங்க! நல்லது! நானும் ஃபுட்கோர்ட்ல மேச தொடைக்கிறேன், டிஷ்யூ வச்ச எடத்தத் தொட மாட்டேன். ஆனா மத்தியானம் நான் எங்க உக்காந்து சாப்பிடுறேன் தெரியுமா? பின்னாடி மாடிப்படியில! டிஷ்யூக்கு மேச இருக்கு, எனக்கு இல்ல! கால் வலிக்காதா எனக்கு?"

எனக்கும் இது புதுச் செய்தி. அத்தனை வருடமாக அம்மா மாடிப்படியில் உட்கார்ந்து சாப்பிடுவது எனக்குத் தெரியாது. கேட்டதே இல்லை.

"நின்னுகிட்டே இருந்தா எப்படி? டுடுக் லா! சிட் லா! உக்காருங்க!"

முதலில் உட்கார்ந்தது அந்தச் சீன ஆன்ட்டிதான். ஒரு பாக்கெட்டை எடுத்துப் பிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்த இடத்திலேயே உட்கார்ந்தார். அவரைப் பார்த்து எல்லாரும் ஆளுக்கொரு பாக்கெட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அதன் பிறகு அம்மாவிடமிருந்து மைக்கை வாங்கப் பிரியா பட்ட பாடு பெரும்பாடு. சம்பளம், கால் வலி, மிளகாய் விலை, எல்லாம் வந்தது. "ஏற்றத்தாழ்வு பேசுற இந்த மடையன், வீட்ல தன் தட்டக் கழுவ மாட்டான்!" என்றபோதுதான் அன்றைக்குக் கிடைத்ததிலேயே பெரிய கைதட்டல்.

மறுநாள் வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. அம்மாவின் பேச்சு அல்ல. கோட்டுப் போட்ட ஒருவன் குனிந்து டிஷ்யூ திருடும் வீடியோ. முகம் தெரியவில்லை, பின்பக்கம்தான் தெரிந்தது. அதை வைத்தே அலுவலகத்தில் அத்தனை பேரும் என்னை அடையாளம் கண்டுகொண்டார்கள்.

ஃபேரர் பார்க் பக்கம் ஒரு மண்டபத்தில் எனக்குக் கல்யாணம் நடந்தபோது மணவறையில் மாப்பிள்ளை இடத்தில் ஒரு டிஷ்யூ பாக்கெட் இருந்தது. "யாருக்கோ சோப் பண்ணிருக்காங்க, கேட்டுட்டு உக்காருங்க" என்றாள் மணப்பெண். (பிரியாதான். அந்தப் பின்பக்கத்தைப் பார்த்த பிறகும் சம்மதித்த பெருந்தன்மைக்காரி.) இன்றைக்கும் குடும்பத்தில் எந்த விசேஷமானாலும் என் நாற்காலியில் ஒரு பாக்கெட் இல்லாமல் பந்தி தொடங்காது.

போன மாதம் அம்மாவின் ஃபுட்கோர்ட்டுக்குச் சாப்பிடப் போனேன். மதியக் கூட்டம், எள் போட்டால் எண்ணெயாகும். மின்விசிறிக்கு நேர் கீழே நடு மேசை மட்டும் காலி, எதிரெதிரே இரண்டு டிஷ்யூ பாக்கெட். எந்த மகராசனுக்கோ என்று தட்டோடு நின்றேன். அம்மா வேலைச் சட்டையோடு மீ கோரெங் தட்டை ஏந்தி வந்து, அதில் ஒரு பாக்கெட்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, ஆற அமர உட்கார்ந்தார்.

"சூப்பர்வைசர் ஒண்ணும் சொல்லலையாம்மா?"

"டிஷ்யூ வச்சிருக்கேன்ல? என்ன சொல்லுவாரு?"

எதிர் நாற்காலியை இழுத்தேன்.

"ஏய், பாக்கெட் இருக்குறது கண்ணுக்குத் தெரியல? கூட வேலை பாக்குற மெய் லிங் வரா. நீ வேற எடம் பாரு."

நின்றுகொண்டே சாப்பிட்டேன். தட்டை நானே கொண்டுபோய் வைத்தேன்.