தாரோ சாமியும் திரைக்குப் பின்னாலிருந்தவரும்

பிரெஞ்சுக்காரன் புதுச்சேரியை விட்டுக் கிளம்பினான். போகும்போது ஒரு சீட்டுக்கட்டை விட்டுப்போனான். அது எங்கள் புதுப்பட்டினத்துக்கு வந்து சேர்ந்தது.

கொண்டுவந்தவர் காசிநாதன். அங்கே ஒரு துரைசானி வீட்டில் சமையல்காரராக இருந்தவர். விருந்து முடிந்ததும் துரைசானி அந்தச் சீட்டுகளைப் பரப்பி, வந்தவர்களுக்கு எதிர்காலம் சொல்லிச் சிரிக்கவைப்பாளாம். தாரோ என்று அதற்குப் பெயர். அங்கே அது பொழுதுபோக்கு. கடலோரமாக ஐம்பது மைல் வடக்கே வந்ததும் தெய்வவாக்கு. உப்புப் போதுமா என்று ருசி பார்த்த நாக்கு வருங்காலம் சொல்ல ஆரம்பித்தது. காசிநாதன் தாரோ சாமி ஆனார்.

கூட்டத்தைக் கேட்க வேண்டாம். மாமல்லபுரத்திலிருந்து மாட்டுவண்டிகள். கேளம்பாக்கத்திலிருந்து உப்பளத்துக்காரர்கள். செங்கல்பட்டிலிருந்து வக்கீல் குமாஸ்தாக்கள், சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு.

சீட்டில் படம் இருக்கும். அடியில் பிரெஞ்சில் பெயர் இருக்கும். சாமிக்குப் பிரெஞ்சு படிக்கத் தெரியாது. அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. சீட்டை நீட்டி, "இன்னா தெரியுது?" என்பார். அவ்வளவுதான் வித்தை. நிலாச் சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே நிலா, கீழே குளம், குளத்தில் ஒரு இறால், கரையில் இரண்டு நாய்கள். மீன்பிடிக்கிறவர் இறாலைப் பார்ப்பார். வலை கிழிந்த கதை வெளியே வரும். ஜவுளிக்கடை பாய் பிறையைப் பார்ப்பார். பெருநாளுக்குள் சரக்கு வராத கவலை வெளியே வரும். வண்டிக்காரர் நாயைப் பார்த்ததும் பைரவர் என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார். அவரவர் கதையை அவரவரே கொட்டுவார்கள். சாமி அதை அள்ளி, விபூதி தூவித் திருப்பிக் கொடுப்பார்.

"நான் வாயே தொறக்கல. எல்லாத்தியும் புட்டுப் புட்டு வெச்சாரு!" என்று வெளியே வந்து சத்தியம் செய்வார்கள்.

நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். சாராள் போகவிடவில்லை.

சாராளின் கணவர் ஞானதாஸ் காலமெல்லாம் அடுத்தவன் வயலில் உழைத்தவர். இப்போது காசநோய். நான் பள்ளிக்கூட வாத்தியார் என்பதால் சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு மனு எழுதிக் கொடுத்திருந்தேன். படுக்கை கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை போய்ச் சேராவிட்டால் அது அடுத்தவருக்கு. அதற்குள் சாராள் சாமியின் கொட்டகைக்குப் போய்விட்டாள். வந்த சீட்டில் எலும்புக்கூடு ஒன்று கையில் அரிவாளோடு நின்றதாம்.

"அவரு வரமாட்டாரு சார்," என்றாள். "ஊரு எல்லையத் தாண்டினா அறுத்துடும்னு சீட்டுல கீது. ஒரு மண்டலம் சாமி குடுக்கிற தண்ணியக் குடிச்சிகினு வூட்லயே கெடக்கணுமாம்."

"ஒரு மண்டலம் தாங்குவாராம்மா?"

"உங்க சம்சாரத்த ஆஸ்பத்திரிக்குத்தானே சார் தூக்கினு போனீங்க? நடந்தா வந்தாங்க?"

என் மனைவி அங்கேயிருந்து திரும்பி வரவில்லை, உண்மைதான். ஞாயிற்றுக்கிழமை கொட்டகைக்குப் போனேன்.

ஞானதாஸும் சாராளும் முன்வரிசையில், தண்ணீருக்குச் சொம்போடு.

"வா வாத்தியாரே, ஒரு சீட்டு எடு," என்றார் சாமி. "இன்னா தெரியுது?"

"ஒண்ணும் தெரியல."

"மனசுல இன்னா கீது?"

பேசாமல் இருந்தேன். எனக்கு அது சிரமமில்லை.

"வாயத் தொறந்தாத்தானே சொல்ல முடியும்?"

"நானே சொல்லிட்டா நீங்க எதுக்கு?"

யாரோ சிரித்துவிட்டார்கள். சாமிக்குச் சூடு ஏறியது. "நம்பாதவனுக்குச் சீட்டு பேசாது. நம்புற ஆளா ஒண்ண இட்டுனு வா! பேச வேணாம். மூஞ்சியும் காட்ட வேணாம். இந்தத் திரைக்கு அந்தாண்ட குந்தினு கெடக்கட்டும். சீட்டு சொல்லுதா இல்லியா பாரு!"

"சொல்லலைன்னா?"

"சீட்டுக்கட்டக் கொளுத்திட்டு ஊர வுட்டே போறேன்."

திரை என்பது படகின் பழைய பாய்த்துணி. அதற்கு அந்தப் பக்கம் நூர்முகமது பாயின் கறிக்கடைப் பின்புறம். சாமி எல்லோரையும் கவிச்சி தொடாதே என்று விலக்கியதிலிருந்து பாய்க்கு வியாபாரம் படுத்துவிட்டது. நான் போய் விஷயத்தைச் சொன்னேன்.

"பேஜாரு இன்னியோட தீரட்டும் சார். ஆளு ரெடி," என்றார்.

சீட்டுக்கட்டு திரைக்குப் பின்னால் எங்களிடம் வந்தது. அதில் எடுத்த ஒரு சீட்டு மட்டும் சாமியிடம் திரும்பிப் போனது; மீதிக் கட்டு பின்னாலேயே கிடந்தது. நான் முன்னால் வந்து நின்றேன்.

சாமி சீட்டைத் தடவினார். ஓரம் ஈரமாக இருந்தது. "பாத்துக்கோ, கை வேர்த்திருக்கு! பயந்த மனசு. உள்ளுக்குள்ள அழுதுகினு கீது."

திரைக்குப் பின்னால் ஒரு வறட்டு இருமல்.

சாமியின் கண் பளிச்சென்றது. "நோவு நெஞ்சுல கீது. நாள்பட்ட நோவு. எந்த டாக்டருக்கும் அடங்காது!"

சாராள் ஞானதாஸின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு உறுதியாகிவிட்டது. நான் செய்தது வம்பாகப் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"இன்னா பண்ணணும் சாமி?" என்று நூர்முகமது உள்ளேயிருந்து கேட்டார்.

"எல்லையத் தாண்டக்கூடாது. ஒரு மண்டலம் நம்ம தண்ணி. அப்பால பாரு, ஆயுசு எண்பது!"

"எண்பதா?"

"சீட்டு பொய் சொல்லாதுடா!"

நூர்முகமது பாய்த்துணியை இழுத்துவிட்டார்.

வெள்ளாட்டுக் கிடா. நல்ல தாடி. வாயில் நிலாச் சீட்டில் பாதி. மென்றுகொண்டே இன்னொரு முறை இருமியது.

"எண்பது வயசு வரைக்கும் இத்த வெச்சிகினு நான் இன்னா சாமி பண்றது?" என்றார் நூர்முகமது. "நாளைக்குக் காலையில கறிக்கு நிக்கிதே!"

கொட்டகை அதிர்ந்தது. எல்லோரும் சிரித்தார்கள் என்று சொல்ல ஆசைதான். குமாஸ்தா ஒருவர், "போன ஜென்மத்துல மனுஷனா இருந்திருக்கும்," என்று ஆட்டைக் கும்பிட்டார். அவர் பி.ஏ.

சாமி அதைப் பிடித்துக்கொண்டார். "ஆமா! ஆட்டுக்கும் ஆத்மா கீது!"

சாராள் எழுந்தாள். "யோவ், எல்லையத் தாண்டாத, ஒரு மண்டலம், தண்ணி. இதே பேச்சத்தானேயா எங்க வூட்டுக்காரருக்கும் சொன்ன? அந்தாண்ட கீறது ஆடுன்னு தெரியல உனுக்கு. அவுரு நெஞ்சுக்குள்ள கீறது எப்டிய்யா தெரிஞ்சிது?"

சாமி கூட்டத்தைப் பார்த்தார். யாராவது ஏதாவது சொன்னால்தானே அவர் பேசமுடியும்?

ஞானதாஸ் இருமி முடித்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். "ஆட்டுக்குக் குடுத்த எண்பதுல எனக்கு ஒரு பத்து தள்ளிவுட்டிருக்கலாம் சாமி," என்றார். பிறகு என்னிடம், "காலையில மொத பஸ்ஸு எப்போ சார்?"

சாமி கட்டைக் கொளுத்தவில்லை. அன்று மாலையே மாமல்லபுரத்துக்கு வண்டி ஏறினார். அங்கே இன்னும் பெரிய கூட்டமாம். ஆடு கடித்த சீட்டுக்குத் தனி மகிமையாம்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் சாராள் டாக்டரைக் கேட்டாள்: "பொழைச்சுக்குவாரா சார்?"

"நெஞ்சைப் படம் எடுத்துப் பாக்கணும்மா. இப்போ எனக்குத் தெரியாது."

அவள் என் பக்கம் திரும்பினாள். "இன்னா சார், இம்மாம் படிச்சவரு தெரியாதுன்றாரு?"

"அதுக்காகத்தாம்மா இங்க வந்தோம்," என்றேன். ஞானதாஸை உள்ளே அழைத்துப் போனார்கள்.

எல்லாம் தெரியும் என்பவனுக்கு முன்னால் கைகட்டி நிற்கிறோம். தெரியாது என்பவனிடம் சண்டைக்குப் போகிறோம். மூளை என்று ஒன்று எல்லோருக்கும் இருக்கிறது, ஐயா. அதற்கு மனுப் போட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை.